பச்சைப்பாசி வளர்ப்பில் கார்பன் டை ஆக்சைடு மாறும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழிமுறை

பல ஆண்டுகளாகப் பச்சைப்பாசி வளர்ப்புகளைப் பராமரித்துவருகிறேன். என்னிடம் கொண்டுவரப்படும் குடுவைகளில் பெரும்பாலானவற்றுடன் ஒரே பேச்சுதான் வந்து சேர்கிறது: “நேற்றுவரை நன்றாக வளர்ந்தது, வாயுவை மாற்றினோம், நின்றுவிட்டது.” அதற்குப் பின்னால் காலியான சிலிண்டர் இருக்கலாம், நனைந்த ஃபில்டர் இருக்கலாம், மரபணு பழுதான இனவகையும் இருக்கலாம். ஆனால் பல நேரங்களில் பழுது என்று எதுவுமே இருப்பதில்லை. கார்பன் டை ஆக்சைடு குறைந்ததை உணர்ந்த செல்கள் தம் உள்ளமைப்பை மாற்றிக்கொண்டிருக்கும். அந்த வேலை முடிவதற்குள் நாம் பொறுமையிழந்து மறுபடியும் வால்வைத் திருப்பிவிடுகிறோம். திருப்பும் ஒவ்வொரு முறையும் செல்கள் அந்த வேலையைப் பழையபடி தொடங்க வேண்டியிருக்கிறது.

ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும், கருவிகளில் கை வைப்பதற்கு முன் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். செல்கள் நேற்று எந்த அளவு கார்பன் டை ஆக்சைடில் இருந்தன? மாற்றி எத்தனை மணி நேரம் ஆகிறது? வளர் ஊடகத்தில் அசிட்டேட் (செல்கள் நேரடியாக உண்ணக்கூடிய கார்பன் உணவு) இருக்கிறதா? இம்மூன்றுக்கும் விடை தெரியாமல் செய்யும் எந்தச் சோதனையும் வழிதவறவே செய்யும்.

இக்குறிப்பில் செறிவு வாயு என்று நான் சொல்வது 1 முதல் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை. வெறும் காற்று என்பது ஏறத்தாழ 0.04 சதவீதம். மிகக் குறைந்த அளவு என்பது 0.02 சதவீதத்துக்கும் கீழே. கால அளவுகளும் எண்களும் கிளாமிடோமோனாஸ் ரெய்ன்ஹார்டி எனும் ஒற்றைச்செல் பச்சைப்பாசியை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. குளோரெல்லா, செனெடெஸ்மஸ் வளர்ப்பவர்களுக்கும் சோதனைகளின் வரிசை பொருந்தும், நேரம் மட்டும் சற்று வேறுபடலாம்.

அறிகுறி 1: செறிவு வாயுவிலிருந்து வெறும் காற்றுக்கு மாற்றியதும் வளர்ச்சி நின்றுவிட்டது

மாற்றி 24 மணி நேரம் ஆகவில்லை என்றால்

எதையும் தொடாதீர்கள். நான் சொல்வதிலேயே கடைப்பிடிக்கக் கடினமானது இதுதான் என்பது எனக்குத் தெரியும். காற்றுக்கு வந்த முதல் சில மணி நேரத்துக்குள் செல் வெளிச்சவ்விலும் பசுங்கணிக உறையிலும் பைகார்பனேட்டை (கார்பன் டை ஆக்சைடு நீரில் எடுக்கும் இன்னொரு வடிவம்) உள்ளே கடத்தும் புரதங்களை உருவாக்குகிறது. அவ்விரு வடிவங்களையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதிகளைக் கூட்டுகிறது. செறிவு வாயுவில் பசுங்கணிகம் முழுவதும் பரவிக் கிடந்த, கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து உணவாக்கும் ரூபிஸ்கோ நொதியின் பெரும்பகுதியைப் பைரினாய்டு எனும் சிறு உருண்டைக்குள் திரட்டுகிறது. இந்த வேலை நடக்கும்வரை செல் பிரிதல் தடைபடுவது இயல்பு. 750 நானோமீட்டரில் ஒளியடர்த்தி (செல்களின் அளவைக் காட்டும் கலங்கல் அளவு) அரை நாளாக அசையாமல் நிற்பதைக் கண்டு பதற வேண்டியதில்லை.

செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஒளியைப் பாதியாகக் குறையுங்கள். செறிவு வாயுவில், சதுர மீட்டருக்கு நொடிக்கு 200 மைக்ரோமோல் ஃபோட்டான் ஒளியில் வளர்ந்த செல்களை அதே ஒளியில் வெறும் காற்றுக்கு மாற்றினால், உள்ளே வரும் ஒளி ஆற்றலுக்குச் செலவிட வழியில்லாமல் ஒளிச்சேர்க்கை அமைப்பே சேதமடையும். ஒளியை முற்றாக அணைத்துவிடவும் கூடாது. இந்தத் தகவமைப்பு தொடங்க ஒளி தேவை. இருட்டில் வைத்துப் “பழக்கிவிட்டு” மறுநாள் வெளிச்சத்துக்குக் கொண்டுவருபவர்கள், மறுநாள் காலையில்தான் முதல் மணி நேரத்தைத் தொடங்குகிறார்கள்.

24 மணி நேரம் கடந்துவிட்டது, நிறம் பச்சையாகவே இருக்கிறது என்றால்

அயோடின் சோதனையைச் செய்து பாருங்கள், செலவே இல்லாதது. ஒரு துளி வளர்ப்பில் நீர்த்த லூகால் கரைசலைச் சிறிது சேர்த்து, 400 மடங்கு அல்லது அதற்கு மேல் பெருக்கும் நுண்ணோக்கியில் நோக்குங்கள். காற்றுக்குப் பழகத் தொடங்கிய கிளாமிடோமோனாஸ் செல்லின் அடிப்பகுதியில், கோப்பை வடிவப் பசுங்கணிகத்தின் தடித்த இடத்தில், கருநீல வளையம் ஒன்று தெளிவாகத் தெரியும். பைரினாய்டைச் சுற்றி மாவுச்சத்துத் தகடுகள் கட்டிய உறை அது. செறிவு வாயுவிலேயே இருந்த செல்களில் மாவுச்சத்து சிதறிய திட்டுகளாகத் தெரியும். வளையம் மெலிந்தோ விட்டுவிட்டோ இருக்கும். இரண்டையும் ஒரே கண்ணாடித்தகட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதல் முறை பார்ப்பவருக்குக்கூட வேறுபாடு பிடிபடும். குளோரோமோனாஸ் பேரினத்தில் பைரினாய்டே இல்லாத இனங்கள் உண்டு. அவற்றை வளர்ப்பவர்களுக்கு இச்சோதனை உதவாது.

வளையம் தெரிந்தால் செல்கள் பழகத் தொடங்கிவிட்டன என்று பொருள். இன்னொரு நாள் விடுங்கள். வளையம் தெரியாவிட்டால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வராமல் அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

48 மணி நேரம் கடந்தும் அசைவில்லை என்றால்

முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். உலர் எடையில் ஒரு கிராம் பாசி உருவாக ஏறத்தாழ 1.8 கிராம் கார்பன் டை ஆக்சைடு தேவை. ஒரு லிட்டர் காற்றில் இருப்பது ஏறத்தாழ 0.75 மில்லிகிராம். நிமிடத்துக்கு 200 மில்லி வீதம் ஒரு நாள் முழுவதும் ஊதினால் 288 லிட்டர் காற்று. அதில் உள்ள கார்பன் டை ஆக்சைடு 216 மில்லிகிராம்தான். அதில் ஒரு துளிகூட வீணாகாமல் பாசியாக மாறினாலும் நாளுக்கு 0.12 கிராமுக்கு மேல் கிடைக்காது. செறிவு வாயுவில் நாளுக்கு அரை கிராம் வளர்ந்த வளர்ப்பிடம் காற்றில் அதே வளர்ச்சியை எதிர்பார்ப்பது நம் தவறு, செல்லின் தவறன்று. இத்தகைய நேரத்தில் வளர்ப்பைப் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள். நீர்த்த வளர்ப்பு வளர்ந்தால் கோளாறு செல்லில் இல்லை, வரத்தில்தான் இருக்கிறது. நீர்த்தும் வளராவிட்டால் அறிகுறி 6-க்குச் செல்லுங்கள்.

அறிகுறி 2: குமிழி நன்றாக வருகிறது, ஆனால் வளர்ப்பு பட்டினி கிடப்பதுபோல் இருக்கிறது

நான் அதிகமாகச் சரிசெய்த கோளாறு இது. குமிழி வருவதாலேயே கார்பன் டை ஆக்சைடு வருகிறது என்று நம்பிவிடுகிறோம். குமிழிக்கு நிறமில்லை, அதனுள் எந்த வாயு இருக்கிறது என்பதைக் கண்ணால் அறிய முடியாது.

எளிய சோதனை: குடுவைக்குள் இருக்கும் குழாய் முனையை எடுத்து, தெளிந்த சுண்ணாம்பு நீரில் வைத்து ஊதவிடுங்கள். 5 சதவீத வாயு வந்தால் சிறிது நேரத்திலேயே நீர் பால்போலக் கலங்கும். வெறும் காற்றில் நெடுநேரம் தெளிவாகவே நிற்கும். சிலிண்டருக்குப் பக்கத்தில் இச்சோதனையைச் செய்யாதீர்கள். செல்கள் இருக்கும் இடத்தில், ஃபில்டருக்கும் பிறகு உள்ள கடைசி முனையில் செய்யுங்கள். மறவாமல் அந்த முனையைக் கழுவி மறுபடி கிருமிநீக்கம் செய்த பிறகே குடுவையில் இடுங்கள்.

கலங்கவில்லை என்றால், கீழ்க்காணும் வரிசையில் தேடுங்கள்.

சிலிண்டர். தூய கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குள் திரவமாக இருப்பதால், அழுத்தமானி காட்டும் எண் எவ்வளவு மீதமிருக்கிறது என்பதைச் சொல்லாது. 20 டிகிரி வெப்பநிலையில், திரவம் கடைசிச் சொட்டு இருக்கும்வரை முள் ஏறத்தாழ 57 பார் அளவிலேயே நிற்கும். திரவம் தீர்ந்ததும் மளமளவென்று இறங்கிவிடும். “நேற்று மாலை முழுதாக இருந்தது” என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. முள்தான் அப்படிக் காட்டியது. எடை போட்டுப் பார்ப்பதே ஒரே வழி. ஏற்கெனவே காற்றுடன் கலந்து நிரப்பிய 5 சதவீதச் சிலிண்டரில் இந்தச் சிக்கல் இல்லை. அதில் திரவம் இல்லாததால் அழுத்தம் படிப்படியாகவே குறையும்.

ஃபில்டர். 0.2 மைக்ரான் துளையுள்ள நீர் ஒட்டாத ஃபில்டர்கூட, ஈரப்பதம் சேர்ந்தால் அல்லது ஆட்டோகிளேவிலிருந்து எடுத்தபோது ஊடகம் பின்னோக்கி ஏறியிருந்தால் அடைத்துக்கொள்ளும். ஒருமுறை மூன்று நாள் தேடி அலைந்த பிறகு, குழாயை விளக்கொளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோதுதான் ஃபில்டரின் வெண்தகடு ஒரு பக்கம் மங்கலாக, ஈரத்தில் ஒளி ஊடுருவுவதுபோல் தெரிந்தது. அந்தக் குடுவையில் குமிழி வந்துகொண்டிருந்தது உண்மை. ஆனால் காற்றும் செறிவு வாயுவும் தனித்தனி வழியில் வந்து, பிறகு சேரும் அமைப்பு அது. அடைத்திருந்தது செறிவு வாயுவின் ஃபில்டர். குமிழியாக வந்துகொண்டிருந்தது வெறும் காற்று. அன்று முதல் ஒவ்வொரு முறை ஆட்டோகிளேவ் செய்த பிறகும் ஃபில்டரை மாற்றிவிடுகிறேன். விலை குறைந்த பொருளுக்காக மூன்று நாள் இழப்பது தகாது.

குழாய். சிலிகான் குழாய் வளைந்து கொடுப்பதாலும் ஆட்டோகிளேவைத் தாங்குவதாலும் எல்லோரும் அதையே போடுகிறோம். ஆனால் அதன் சுவர் வழியாகவே கார்பன் டை ஆக்சைடு கசிந்து வெளியேறும். மெதுவான ஓட்டத்தில், நீளமான குழாயில், இழப்பு கவனிக்கத்தக்க அளவுக்குப் போகும். நீண்ட தூரத்துக்கு வேறு பிளாஸ்டிக் குழாயைப் போட்டு, கடைசி ஒரு முழம் மட்டும் சிலிகானாக வைத்துக்கொள்ளுங்கள். இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பார்ப்பதும் இதே சமயத்தில் முடிந்துவிடும்.

ஓட்டமானி. காற்றுக்காக அளவிடப்பட்ட ஓட்டமானியில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தினால் அது காட்டும் எண் பிழையாகும். அதற்கான திருத்தக் கெழுவைக் கருவியுடன் வரும் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். மிதவை ஒட்டிக்கொண்டு ஒரே இடத்தில் நிற்பதும் நடக்கும். விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள்.

சுண்ணாம்பு நீர் கலங்குகிறது, ஆனாலும் பட்டினி என்றால்

வாயு வருகிறது, கரையவில்லை. நீரில் கார்பன் டை ஆக்சைடு பரவும் வேகம் காற்றில் பரவும் வேகத்தைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. கோலிக்குண்டு அளவு குமிழி சட்டென்று மேலே போய் உடைந்துவிடும். அதிலிருந்து நீருக்குள் இறங்குவது சொற்பம். நுண்துளைக் கல் பொருத்துங்கள், கலக்கியின் வேகத்தைக் கூட்டுங்கள், குழாயை அடிமட்டம்வரை இறக்குங்கள். வெப்பநிலையையும் பாருங்கள்: 25 டிகிரியைவிட 35 டிகிரியில் கரைதிறன் கணிசமாகக் குறைகிறது. குடுவை அடியில் உள்ள கலக்கி மோட்டாரே ஊடகத்தைச் சூடாக்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு மேல் போனால் வாயு கலக்கும் கருவி, நிறை ஓட்டக் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவற்றின் பழுது. இவற்றை நீங்களே திறக்காதீர்கள்; அளவுத் திருத்தம் செய்யும் வல்லுநரை அழையுங்கள். ரெகுலேட்டரில் பனி படிவது, சீறும் சத்தம் கேட்பது, அறையிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அளவி 5,000 பிபிஎம் அளவைத் தாண்டுவது ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் சோதனையை அங்கேயே நிறுத்தி, சிலிண்டர் வால்வை அடைக்க முடிந்தால் அடைத்துவிட்டு வெளியே வாருங்கள். காற்றைவிடக் கனமான இந்த வாயு தாழ்வான இடத்தில் தேங்கும். 40,000 பிபிஎம் அளவு உயிருக்கு உடனடி ஆபத்து. பாசி காத்திருக்கும்.

அறிகுறி 3: பிஎச் ஏறிக்கொண்டே போகிறது, அடியில் வெண்மை கலந்த பச்சைப் படிவு

கார்பன் டை ஆக்சைடு வரும் வேகத்தைவிடச் செல்கள் உறிஞ்சும் வேகம் கூடுதல் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. பைகார்பனேட்டை இழுத்துப் பயன்படுத்தும் செல், அதற்கு ஈடாக நீரைக் காரமாக்குகிறது.

முதலில் மீட்டரைச் சந்தேகியுங்கள். 7.00, 10.01 ஆகிய இரண்டு தாங்கல் கரைசல்களில் (பிஎச் எளிதில் மாறாத கரைசல்கள்) அளவு திருத்துங்கள். அடுத்து, அளக்கும் முறையைப் பாருங்கள். செறிவு வாயு ஊதும் குடுவையிலிருந்து மாதிரி எடுத்து மேசையில் வைத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்து அளந்தால், கரைந்திருந்த வாயு வெளியேறிவிடுவதால் பிஎச் இருந்ததைவிட உயர்ந்து காட்டும். குடுவைக்குள்ளேயே மின்முனையை வைத்து அளப்பது நல்லது. இயலாவிட்டால் எடுத்த கணமே அளங்கள். ஒரே குடுவைக்கு இரண்டு பேர் இரண்டு எண் சொல்லிச் சச்சரவிட்டபோதெல்லாம் காரணம் பெரும்பாலும் இதுவாகவே இருந்தது.

எண் உண்மை என்றால் நைட்ரஜன் மூலத்தைப் பாருங்கள். நைட்ரேட்டை உண்ணும் செல்கள் பிஎச்சை ஏற்றும். அம்மோனியத்தை உண்பவை இறக்கும். அசிட்டேட் உள்ள ஊடகத்திலும், அசிட்டேட் தீரத் தீரப் பிஎச் ஏறும். இவை இரண்டும் இல்லை, ஏற்றம் பகலில் மட்டும் வந்து இரவில் தணிகிறது என்றால் வாயு வரத்து போதவில்லை என்பது உறுதி.

ஓர் எளிய விதியை நினைவில் வைத்துக்கொள்வது எனக்கு உதவியிருக்கிறது. பிஎச் 6.35-இல் கார்பன் டை ஆக்சைடும் பைகார்பனேட்டும் சம அளவு. அங்கிருந்து பிஎச் ஒவ்வோர் அலகு ஏறும்போதும் பைகார்பனேட்டுடன் ஒப்பிட்ட கார்பன் டை ஆக்சைடு பத்தில் ஒரு பங்காகிறது. பிஎச் 8.35-இல் நூற்றில் ஒன்றுதான் கார்பன் டை ஆக்சைடு. காற்றுக்குப் பழகிய செல் இதைத் தாங்கும். ஏனெனில் அது பைகார்பனேட்டை நேரடியாகக் கடத்தக் கற்றுவிட்டது. நேற்றுவரை செறிவு வாயுவில் இருந்த செல் தாங்காது. ஒரே பிஎச், ஒரே ஊடகம், இரண்டு வேறுபட்ட முடிவுகள் வருவதற்கு இதுவே காரணம்.

வெண்மைப் படிவு, கால்சியம், மக்னீசியம் உப்புகள் உயர் பிஎச்சில் வெளியேறிச் செல்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்குவதால் வருவது. ஒரு துளியில் நீர்த்த அமிலம் விட்டுப் பாருங்கள்: நுரைத்துக் கரைந்தால் கார்பனேட், நுரைக்காமல் கரைந்தால் பெரும்பாலும் பாஸ்பேட் அல்லது ஹைட்ராக்சைடு. செல்கள் இறந்துவிடவில்லை, பிஎச்சை மெதுவாக இறக்கினால் மறுபடியும் மிதக்கும். ஒரேயடியாக அமிலத்தை ஊற்றாதீர்கள். செறிவு வாயுவைச் சிறிது சிறிதாகத் திறந்து ஒரு மணி நேரத்தில் 7.5-க்குக் கொண்டுவாருங்கள். நிலையான தீர்வுக்குத் தாங்கல் கரைசலின் அளவைக் கூட்டுவது மலிவான வழி. பிஎச் அடிப்படையில் வால்வைத் திறந்து மூடும் கருவி விலை கூடிய வழி.

அறிகுறி 4: செறிவு வாயுவைத் திறந்ததும் செல்கள் நீந்துவதை நிறுத்திவிட்டன

இது எதிர்த்திசைக் கோளாறு. தாங்கல் இல்லாத நீரில் 5 சதவீத வாயு சமநிலைக்கு வந்தால் பிஎச் ஏறத்தாழ 4.6 வரை இறங்கும். திடீர் அமிலத்தன்மையில் கிளாமிடோமோனாஸ் தன் கசையிழைகளை உதிர்த்துவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் நேற்று குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்த செல்கள் உருண்டையாக, அசைவற்று, சில இடங்களில் இரண்டும் மூன்றுமாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். இறந்ததுபோல் தோன்றினாலும் பிஎச் சீரானதும் இரண்டு மணி நேரத்துக்குள் கசையிழைகள் மறுபடி வளர்ந்துவிடும். ஆகவே குடுவையைக் கொட்டிவிடாதீர்கள்.

வாயுவை 1 சதவீதத்துக்குக் குறையுங்கள். பாஸ்பேட் தாங்கலைச் சரிபாருங்கள். இரவில் ஒளி அணையும்போது செறிவு வாயுவும் நிற்கும்படி டைமர் வையுங்கள். ஒளி இல்லாதபோது யாரும் உண்ணாத உணவு பிஎச்சை இறக்குவதற்கு மட்டுமே பயன்படும். இரண்டு மணி நேரம் கழித்தும் நீந்தவில்லை என்றால் ஊடகம் தயாரித்ததில் பிழை இருக்கலாம். புதிய ஊடகத்தில் மாற்றிப் பாருங்கள்.

அறிகுறி 5: நிறம் வெளுத்து மஞ்சளாகிறது

ஒரு நாளுக்குள் வெளுத்தால்

கார்பன் பட்டினியும் கடும் ஒளியும் சேர்ந்த சேதம். ஒளியை உடனே கால்பங்காகக் குறையுங்கள். ஒளிர்வு அளக்கும் கருவி இருந்தால், இருட்டில் வைத்தெடுத்த மாதிரியின் எஃப்வி, எஃப்எம் விகிதத்தைப் (ஒளிச்சேர்க்கை அமைப்பின் நலத்தைக் காட்டும் எண்) பாருங்கள்: நலமான கிளாமிடோமோனாஸில் அது 0.7-ஐ ஒட்டி இருக்கும். 0.4-க்கும் கீழே போயிருந்தால் மீட்க ஒரு நாளாவது மங்கிய ஒளி வேண்டும்.

பல நாள்களில் மெதுவாக வெளுத்தால்

நைட்ரஜன் தீர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால், குடுவையை மூன்றாகப் பிரியுங்கள். ஒன்றில் 5 மில்லிமோலார் சோடியம் பைகார்பனேட் சேர்த்துப் பிஎச்சை 7.5 அளவில் வைத்து மூடிவிடுங்கள். இரண்டாவதில் அம்மோனியம் அல்லது நைட்ரேட் சேருங்கள். மூன்றாவதை அப்படியே விடுங்கள். ஒரு நாளில் எது பச்சையாகத் திரும்புகிறதோ அதுவே விடை. மூன்றும் மாறவில்லை என்றால் இரும்பு, மக்னீசியம் போன்ற கனிமங்களைத் தேடுங்கள். திறந்த தொட்டியாக இருந்தால் நுண்ணோக்கியில் ரோட்டிஃபர்களும் சிலியேட்டுகளும் மேய்கின்றனவா என்று முதலில் பார்த்துவிடுங்கள். அப்படியானால் கார்பன் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

அறிகுறி 6: அசிட்டேட் ஊடகத்தில் நன்றாக வளர்கிறது, அசிட்டேட் இல்லாவிட்டால் காற்றில் வளரவில்லை

டிரிஸ், அசிட்டேட், பாஸ்பேட் சேர்ந்த ஊடகம் ஆய்வகங்களில் மிகப் பரவலானது. அசிட்டேட்டை நேரடியாக உண்ணும் செல்லுக்குக் கார்பன் டை ஆக்சைடைத் திரட்டவேண்டிய நெருக்கடி குறைவு. வெளிப்புறக் கார்பானிக் அன்ஹைட்ரேஸின் உற்பத்தியையும் அசிட்டேட் தணிக்கிறது. ஆகவே அசிட்டேட்டில் ஆண்டுக்கணக்கில் மறுவளர்ப்புச் செய்யப்பட்ட இனவகைக்குக் கார்பன் திரட்டும் திறன் பழுதாகியிருந்தாலும் நமக்குத் தெரியாமல் மறைந்தே இருக்கும்.

முதலில் கழுவுங்கள். செல்களை மெல்லச் சுழற்றி அடியில் சேர்த்து, அசிட்டேட் இல்லாத ஊடகத்தில் இருமுறை கழுவி, மங்கிய ஒளியில் இரண்டு நாள் கொடுங்கள். வெகு பேர் தோற்பது கழுவாமல் மாற்றுவதாலும், மீதி அசிட்டேட்டில் பாக்டீரியா பெருகுவதாலும்தான். அசிட்டேட் உள்ள திண்ம ஊடகத்தில் ஒரு துளி தேய்த்து இருட்டில் வைத்தால், பாக்டீரியா இருந்தால் ஓரிரு நாளில் காட்டிக்கொடுத்துவிடும்.

கழுவிய பிறகும் வளரவில்லை என்றால் ஒரே வளர்ப்பை மூன்றாகப் பிரித்து, ஒன்றைச் செறிவு வாயுவிலும், ஒன்றை வெறும் காற்றிலும், ஒன்றைச் சோடா சுண்ணாம்பு வழியாகச் செலுத்தி கார்பன் டை ஆக்சைடை 0.02 சதவீதத்துக்கும் கீழே குறைத்த காற்றிலும் வையுங்கள். மூன்றிலும் அசிட்டேட் கூடாது. நான்கு நாள் கழித்துப் பாருங்கள்.

செறிவு வாயுவிலும் வளரவில்லை

கார்பன் திரட்டும் அமைப்பில் அன்று, ஒளிச்சேர்க்கையிலேயே பழுது. அல்லது ஊடகத்தில் ஏதோ விடுபட்டிருக்கிறது. வேறொரு நலமான இனவகையை அதே ஊடகத்தில் இட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

செறிவு வாயுவில் வளர்கிறது. மற்ற இரண்டிலும் தடுமாறுகிறது

தகவமைப்பைத் தொடங்கிவைக்கும் கட்டுப்பாட்டு மரபணுவே பழுதாகியிருக்கலாம். கிளாமிடோமோனாஸில் இதற்குச் சிஐஏ5 என்றும் சிசிஎம்1 என்றும் இரு பெயர்கள். 2001-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதை அடையாளம் கண்டதால் இரண்டு பெயரும் நிலைத்துவிட்டன. இதை இழந்த செல், வெளியே கார்பன் டை ஆக்சைடு குறைந்தாலும் கார்பன் திரட்டும் புரதங்களைக் கூட்டுவதில்லை.

செறிவு வாயுவில் வளர்கிறது, வெறும் காற்றில் சாகிறது, மிகக் குறைந்த அளவில் பிழைக்கிறது

முதல் முறை இந்த முடிவைக் கண்டபோது குடுவைகளின் ஒட்டுச்சீட்டை யாரோ மாற்றிவிட்டார்கள் என்றே நினைத்துச் சோதனையைத் திரும்பச் செய்தேன். பிழையில்லை. எல்சிஐபி எனும் புரதத்தை இழந்த செல்கள் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. பசுங்கணிகத்துக்குள் கார்பன் டை ஆக்சைடை மீண்டும் பைகார்பனேட்டாகப் பிடித்துவைப்பதில் இப்புரதத்துக்குப் பங்கு உண்டு. காற்றின் அளவில் அது இல்லாமல் செல்லால் சமாளிக்க முடிவதில்லை. ஆனால் கார்பன் டை ஆக்சைடு இன்னும் குறையும்போது பைகார்பனேட்டைக் கடத்தும் வேறு வழி வலுப்பெற்று, மெதுவாகவேனும் செல் வளர்கிறது. மூன்று அளவிலும் சோதிக்காமல், செறிவு வாயு, வெறும் காற்று என்ற இரண்டோடு நிறுத்துபவர்கள் இந்தப் பழுதையும் முந்தையதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள். ஆகவேதான் மூன்றாவது குடுவையைத் தவிர்க்க வேண்டாம் என்று வற்புறுத்துகிறேன்.

மூன்றிலும் வளர்கிறது, காற்றில் மெதுவாக

கோளாறில்லை. அறிகுறி 1-இல் சொன்ன கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

உறுதிசெய்ய இன்னொரு மலிவான சோதனை உண்டு. செல்களை 2 மில்லிமோலார் பைகார்பனேட் மட்டும் கொண்ட, தாங்கல் குறைந்த ஊடகத்தில் இட்டு, காற்று இடைவெளி இல்லாமல் நிரப்பி மூடி, ஒளியில் வைத்துப் பிஎச் எதுவரை ஏறி நிற்கிறது என்று பாருங்கள். பைகார்பனேட்டை இழுக்கத் தெரிந்த செல்கள் 9.5-ஐத் தாண்டி ஏற்றும். கார்பன் டை ஆக்சைடை மட்டும் நம்பியிருப்பவை 9-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ நின்றுவிடும். காற்றுக்குப் பழகிய நலமான செல்களை இன்னொரு புட்டியில் உடன் வைத்தாலொழிய இந்த எண்ணுக்குப் பொருள் இல்லை.

எப்போது பிறரிடம் ஒப்படைப்பது

மூன்று குடுவைச் சோதனை இரண்டு முறை ஒரே முடிவைத் தந்த பிறகு, வீட்டுவைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காதீர்கள். முதலில் இனவகைக் காப்பகத்திலிருந்து அதே இனவகையைப் புதிதாக வரவழையுங்கள். கிளாமிடோமோனாஸுக்கு அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தனிக் காப்பகமே இருக்கிறது. பெரும்பாலோருக்குத் தேவைப்படுவது அவ்வளவுதான். பழுதான வகையை ஆராய்ச்சிக்காகக் காக்க வேண்டியவர்கள் மட்டும் மரபணு வரிசை அறியும் ஆய்வகத்தை நாடட்டும். ஆக்சிஜன் மின்முனை கொண்டு கார்பன் ஈர்ப்பை அளப்பதும் அனுபவமுள்ளவர் கையில் விட வேண்டிய வேலை.

அனுப்பும்போது செல்களை அசிட்டேட் உள்ள திண்ம ஊடகத்தில், மங்கிய ஒளியில் வளர்த்து அனுப்புங்கள். வழியில் எந்த அளவு காற்றில் இருக்கும் என்று நம்மால் உறுதி சொல்ல முடியாது. கூடவே ஒரு தாளில், கடைசியாக எப்போது அசிட்டேட் இல்லாமல் காற்றில் வளர்ந்தது, மறுவளர்ப்பு எத்தனை நாளுக்கொரு முறை நடந்தது, மூன்று குடுவைகளின் ஒளியடர்த்தி நாள்வாரியாக எவ்வளவு, ஒளியின் அளவு, பிஎச் ஆகியவற்றை எழுதி வையுங்கள். பெறுபவர் முதலில் கேட்பது மாற்றி எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதைத்தான். அதனால் வால்வைத் திருப்பிய நேரத்தைத் தாளின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.